ஒரு சொல்லுக்குக் கால் அங்குலம்

லிஃப்ட் மெக்கானிக் செத்த இரண்டே வாரத்தில் அவன் மனைவி பதினொரு அங்குலம் குட்டையாகிப்போனாள். யார் 'ஐயோ பாவம்' என்று சொன்னாலும் கால் அங்குலம் குறைந்தது. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் என்பதால் வீட்டிலேயே இஞ்சு டேப் இருந்தது, அளவில் சந்தேகமில்லை. சொன்னவர்கள் கெட்டவர்களும் அல்ல. மாடிவீட்டு ஆசிரியர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார், தவறான எண்ணுக்கு ஃபோன் போட்ட ஒருவர்கூட விவரம் கேட்டு, சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

பெடலுக்குக் கால் எட்டாதவர்களுக்குத் தொழிற்சாலையில் வேலையில்லை. அவளுக்கோ நான்கு வயதில் ஒரு மகள். வேலைக்குத் திரும்பிய அன்று கட்டைவிரல் நுனி எப்படியோ எட்டியது. ஆனால் துக்கம் நடந்த வீட்டாள் திரும்பி வந்தால், டீ இடைவேளையில் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்வது அங்கே முப்பது வருட வழக்கம். "வேணாம் சார், மனசுல நினைச்சுக்கிட்டா போதும்" என்றாள். சூப்பர்வைசர் நல்ல மனிதர். "நம்ம லைன் ஆளுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படிம்மா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்ணூறு பேரும் சொல்லி முடித்தபோது அவள் மேசைக்கு அடியில் நின்றிருந்தாள்.

பட்டன் பிரிவிலிருந்த நாத்தனார் மட்டும் சொல்லவில்லை. செத்தவனின் அக்கா, தாயில்லாத தம்பியை வளர்த்தவள், நெட்டைக்கொக்கு என்று பட்டப்பெயர். மனைவிக்குச் சொல்வதுதான் வழக்கம் என்பதால் வரிசை அவளைத் தாண்டிப் போயிருந்தது. தம்பி மனைவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "ஏண்டி, நீ கழுத்தைக் கட்டிக்கிட்டா நான் எப்படி மூச்சு விடறது?" என்று வழியெல்லாம் திட்டியபடி வந்தவள், வீட்டு மாடிப்படியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அவனுக்கு நடக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்டி. என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலே."

"சொன்னா குறைஞ்சிடுவீங்க, அண்ணி."

"எனக்குத் தெரியாதா? டேப் புடிச்சு அளந்தவளே நான்தானே. சொல்லுடி."

சொன்னாள். நாத்தனார் அப்போதுதான் முதன்முறையாக அழுதாள். போதுமா என்று கேட்கும்போதெல்லாம் இன்னும் என்றாள். நூற்றைம்பத்தாறாவது முறையில் இருவர் கண்களும் நேருக்கு நேர் வந்தன. அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தொழிற்சாலை இருவரையும் ஓர் ஆளாகப் பதிவு செய்துகொண்டது. ஒருத்தி தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் பெடலை அழுத்துகிறாள். இன்னொருத்தி ஸ்டூல்மேல் நின்று துணியைத் தள்ளுகிறாள். மத்தியானத்துக்குமேல் இடம் மாறிக்கொள்கிறார்கள். வீட்டில் அவர்களைவிட ஒரு சாண் உயரமான மகள்தான் கதவைத் திறக்கிறாள். "உள்ள வாங்க. ஆனா அம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்கிறாள். வருகிறவர்களும் தரையில் உட்கார்ந்து, வெங்காய விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள்.