தொட்டிக்கு ஓவர்டைம் கிடையாது

பாசி பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று புதன்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார் பிரேம்குமார் சார். எங்கள் கம்பெனியின் நிர்வாக மேனேஜர். ரிசப்ஷனில் இருக்கும் நாலடி மீன் தொட்டியின் கண்ணாடியை விரலால் சுண்டினார்.

"என்னாம்மா இது, ஏரித் தண்ணியா? திங்கக்கெழம ஜப்பான்காரங்க வராங்க. அதுக்குள்ள சுத்தமாகலன்னா பெங்களூர்ல இருந்து ஆளு வந்து இதெல்லாம் புடுங்கிட்டு பிளாஸ்டிக் செடி வெச்சிடுவான். நீ கேன்டீனுக்குப் போயி பாத்திரம் கழுவு."

எனக்குக் காது வரை சுட்டது. பாத்திரம் கழுவுவதைக் கேவலமாக நினைக்கிறவள் இல்லை நான். ஆனால் அந்தத் தொட்டி என்னுடையது. கண்ணாடி கம்பெனியுடையது, உள்ளே இருக்கும் காடு என்னுடையது.

வெல்டிங் பிரிவில் ஒன்பது வருடம் சிலிண்டர் உருட்டியவள் நான். முட்டி தேய்ந்த பிறகு ரிசப்ஷனைத் துடைக்க அனுப்பினார்கள். தொட்டியை வைத்துக் கொடுத்த ஆள் ஆறே மாதத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். மீனுக்குத் தீனி போல செடிக்கு கார்பன் டை ஆக்சைடு என்று அவன் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருந்தது. எங்கள் வெல்டிங்குக்கு வரும் அதே வாயுதான். ரெகுலேட்டரைத் திருகி, நொடிக்கு இரண்டு குமிழி போகிற மாதிரி நானே வைத்தேன். தொட்டிக்குள் ஒட்டிய சின்னக் குப்பியில் ஒரு திரவம் இருக்கும். அது நீலமானால் வாயு போதவில்லை. மஞ்சளானால் அதிகம், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பச்சையாக நின்றால் சரி. இரண்டு வருடமாக அதைப் பச்சையாகவே நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்படியும் ஒரே மாதத்தில் தண்ணீர் பச்சைக் குழம்பானது, இலையெல்லாம் நூல் நூலாகப் பாசி தொங்கியது. இரண்டு தடவை தண்ணீர் மாற்றியும் அடங்கவில்லை.

வியாழக்கிழமை காலை மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து மண்டைக்குள் அதே ஓட்டம். ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தபோது, மூன்றாவது ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த செக்யூரிட்டி சகாயநாதன் அண்ணனிடம் புலம்பினேன்.

அவர் தொப்பியைக் கழற்றியபடி சாதாரணமாகச் சொன்னார். "ராத்திரியெல்லாம் அந்த லைட்டு எரியுதே முனிம்மா, அதனால இருக்குமோ?"

"ராத்திரி எரியுதா? எத்தினி நாளாண்ணா?"

"ஒரு மாசமா. லைன் மூணு ஷிப்ட் ஓடுது, இதுவும் ஓடுதுன்னு நெனச்சிக்கினன்."

அவரைத் திட்டி என்ன செய்ய? இந்தக் கம்பெனியில் அணையாத விளக்கைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கே வரவில்லையே. விளக்கு ஆறு மணிக்கு எரிந்து இரண்டு மணிக்கு அணையும்படி டைமர் வைத்திருந்தேன். என் ஷிப்டும் அதேதான். நான் வரும்போது எரியும், நான் கார்டு தேய்க்கப் போகும்போதும் எரியும். இடையில் என்ன நடந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?

சுவரிலிருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தேன். வாயுவுக்கான டைமர் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கின் ஒயரை மட்டும் டைமரிலிருந்து பிடுங்கி நேராகக் கொடுத்திருந்தார்கள். செடிக்கு வாயு எட்டு மணி நேரம், வெளிச்சம் இருபத்து நாலு மணி நேரம். மிச்ச வெளிச்சத்தை எல்லாம் பாசி உட்கார்ந்து தின்றிருக்கிறது.

எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் கேட்டேன். வடகிழக்கு மூலையில் இருக்கிற தொட்டியில் விளக்கு அணையக் கூடாது, அணைந்தால் ஆர்டர் குறையும் என்று ஒரு வாஸ்துக்காரர் சொன்னாராம். பிரேம்குமார் சார்தான் ஒயரை மாற்றச் சொன்னாராம். செய்தது அவர், ஏச்சு வாங்கியது நான்.

விளக்கை அணைத்தேன். செடி இருட்டில் வாயுவைத் தொடாது, மீன்தான் மூச்சு முட்டிச் சாகும். அதனால் வாயுவை மூடினேன். காற்று பம்ப்பைத் தனி பிளக்கில் போட்டேன். பேக்கிங் பிரிவிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து, ஒரு பொட்டு வெளிச்சம் புகாமல் தொட்டியை முழுக்கச் சுற்றினேன். திங்கள் காலை வரை நாலு நாள் இருட்டு. செடி தாங்கும், பாசி தாங்காது.

வெள்ளிக்கிழமை காலை பிரேம்குமார் சார் வந்தார். வாசலில் கறுப்பைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா எழவு வீடு மாதிரி என்னா இது? கிழிச்சிப் போட்டு லைட்டப் போடு."

"போட முடியாதுங்க சார். பூட்டியிருக்கன்."

ஸ்விட்ச் பெட்டியில் என் சிவப்புப் பூட்டு தொங்கியது, நாற்பத்தொன்றாம் நம்பர். கூடவே என் பெயர் எழுதிய சிவப்பு அட்டை. எந்த மெஷினைப் பழுது பார்த்தாலும் கரன்ட் பெட்டியில் இப்படிப் பூட்டுவது எங்கள் கம்பெனியின் சட்டம். பூட்டியவரைத் தவிர எம்.டி.யே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அன்றைக்கே வேலை போகும். வெல்டிங் பிரிவை விட்டு வரும்போது என் பூட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

"மீன் தொட்டி மெஷினாம்மா?"

"கரன்ட்ல ஓடுது, கேஸ் சிலிண்டர் இருக்குது. வேற என்னாங்க சார்? ஒடைக்கறதுன்னா ஒடைங்க. அட்டைல என் பேருக்குக் கீழ உங்க கையெழுத்து போட்டுட்டு ஒடைங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் பாதுகாப்பு உறுதிமொழிப் படம் இருந்தது. கையில் அதே மாதிரி சிவப்புப் பூட்டைப் பிடித்துக்கொண்டு அவரே அதில் சிரித்தார். திரும்பி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் முன்னால் நின்றேன். நகரவில்லை.

"திங்கக்கெழம பாக்கறன்" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தாளைப் பிரித்தேன். பச்சைக் குழம்பு போயிருந்தது. நூல் பாசி வெளுத்துத் துவண்டு கிடந்தது. பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். சில இலைகள் மஞ்சளாகியிருந்தன, வெட்டிவிட்டேன். வாயுவைத் திறந்து, விளக்கைப் பழையபடி டைமரில் கொடுத்து, பெட்டியை மறுபடி பூட்டினேன்.

பிரேம்குமார் சார் வந்து குனிந்து பார்த்தார். மீன்களின் செதில் எண்ணுகிற அளவுக்குத் தெளிவு. "பரவால்ல" என்றார். "இன்னிக்கு மட்டும் அவங்க போற வரைக்கும் லைட்டு எரியட்டும்."

"ரெண்டு மணிக்கு அணையுங்க சார். எட்டு மணி நேரம் முடிஞ்சா அதோட ஷிப்ட் முடிஞ்சிது. அதுக்கு ஓவர்டைம் கெடையாது."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்.

விருந்தாளிகள் லைனைச் சுற்றிவிட்டு வர நேரமாகிவிட்டது. இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டோவுக்காகத் தொட்டியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். நடுவில் பிரேம்குமார் சார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணால் கெஞ்சினார். சாவி என் இடுப்பில் இருந்தது. பெட்டியைத் திறந்து டைமரைத் தள்ளி வைக்க எனக்கு அரை நிமிடம் போதும். கார்டு தேய்க்கக்கூடப் போகாமல் கைகட்டி நின்றேன்.

சரியாக இரண்டு மணிக்கு டக்கென்று அணைந்தது.

வந்தவர்களில் மூத்தவர் திரும்பினார். இருண்ட தொட்டியைப் பார்த்தார், ஒயர் போகிற வழியே பார்வையை ஓட்டிச் சிவப்புப் பூட்டையும் அட்டையையும் பார்த்தார். அந்தச் சிவப்பைப் படிக்க அவருக்குத் தமிழ் தேவைப்படவில்லை. பக்கத்தில் நின்றவர்களையும் கையால் விலக்கி, பூட்டிய மெஷினிடம் நிற்கிற மாதிரி ஓரடி தள்ளி நின்றார்.

அந்தப் போட்டோ இப்போது ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறது. பின்னால் தொட்டி இருட்டாகத்தான் இருக்கும். பெங்களூர் ஆள் வரவில்லை. நாற்பத்தொன்று அங்கேயே தொங்குகிறது, சாவி கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. வந்தாலும் கொடுக்க மாட்டேன்.