கறிவேப்பிலைப் புழு

ஷாலுவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவள் அப்பன் பீம்ராவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நைனா, என் புழுவப் பாத்துக்கோ. தெனம் இலை போடு. எவ்ளோ நீளம்னு அளந்து சொல்லு."

ஒன்பது வயது. மூச்சிழுப்பு முற்றி, ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். வார்டில் தாய்க்கு மட்டும்தான் அனுமதி என்பதால் மலர்க்கொடி அங்கேயே இருந்தாள். கன்டெய்னர் யார்டு வேலை முடிந்து ஆலைப் புகை சூழ்ந்த எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வந்தால், பீம்ராவுக்குத் துணை பாட்டிலுக்குள் இருந்த அந்தப் பச்சைப் புழுதான்.

கீழே இருந்த கறிவேப்பிலைச் செடியை மூன்றே நாளில் மொட்டையடித்துவிட்டான். நான்காம் நாள் மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கி, இரண்டு தண்ணீரில் அலசிப் போட்டான். சாயங்காலம் பார்த்தபோது புழு முறுக்கிக்கொண்டு பச்சையாகக் கக்கியது. இலையை வெளியே எடுத்தான், தண்ணீர் தெளித்தான், ஊதினான். ஒரு மணி நேரத்தில் புழு கறுத்துச் சுருண்டு செத்துவிட்டது. இலையில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஷாலு, "எவ்ளோ நைனா?" என்றாள்.

"நாலு சென்டிமீட்டரு, கண்ணு. சூப்பரா துன்னுகினு கீது."

மலர்க்கொடி போனை வாங்கினாள். "காய்ச்சல் எறங்கவே மாட்டுது. புழு, புழுன்னு அதே பேச்சா கீறா," என்று அழுதாள்.

செருப்புகூட மாட்டாமல் இறங்கி ஓடினான். அதேபோல் வேறொரு புழு கிடைக்குமா என்று தெருவில் கண்ட செடியையெல்லாம் புரட்டினான். கடைசியில் திருவொற்றியூர் மளிகைக்கடை சுகிர்தம் வீட்டுக் கொல்லையில் பெரிய கறிவேப்பிலை மரம் இருப்பது நினைவுக்கு வந்தது.

"புழுவா? என்ன தம்பி சொல்லுதீங்க?" என்றாள் சுகிர்தம்.

"புள்ள ஆஸ்பத்திரில கீதுக்கா. அதோட புழு செத்துப்பூச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

சுகிர்தம் கொல்லைக் கதவைத் திறந்து மரத்தைக் காட்டினாள். "இதுக்கு நாங்க மருந்தே அடிச்சதில்ல. தெனமும் வந்து எல பறிச்சுக்கோங்க."

கிடைத்தது ஒன்றுதான். காக்கை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக, நகத்தில் பாதி இருக்கும். பத்து நாளில் அது பெருத்துப் பச்சையாக மாறியது. பத்து நாளும் அவன் போனில் வாய்க்கு வந்த அளவைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்த ஷாலு பாட்டிலை வெகுநேரம் பார்த்தாள். "இது அது இல்ல. அது இந்நேரம் கூடு கட்டிருக்கணும்."

பீம்ராவ் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"அப்ப எனக்குச் சரியாப்பூச்சுன்னு சொன்னியே, அதுவும் பொய்யா நைனா?"

வேண்டாம் என்று மலர்க்கொடி கண்ணைக் காட்டினாள். பீம்ராவுக்கு இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"முழுசா சரியாவல. இந்தப் பொகையில கீற வரிக்கும் மறுபடி மறுபடி வரும்னாரு டாக்டரு. வூட்ட மாத்தச் சொன்னாரு."

"எப்ப போறோம்?"

"தெரியல கண்ணு. வேற வூடு நமக்கு எங்க கீது?"

ஷாலு அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஏறி ஏறி இறங்கும் அவள் முதுகை அவன் கையால் தடவிக்கொண்டே இருந்தான்.

புழு கூடு கட்டியது. பதினோராம் நாள் பட்டாம்பூச்சியாகி ஜன்னல் வழியே வெளியேறியது. அதற்குள் பீம்ராவ் புகை எட்டாத பக்கமாக மூன்று வீடு பார்த்திருந்தான், ஒன்றும் அமையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்காவதைப் பார்க்க மூவருமாகக் கிளம்பினார்கள்.