பணியில் உள்ளது

சங்கத் தலைவர் அலமாரிக் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து நின்றபோது, அப்பாவை இன்னும் முன்னறைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. உள்ளறையில் மாமா அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அம்மா ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறை நாற்காலிகளை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்த மகள், தலைவரின் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிவதையும் மறைவதையும் பார்த்தாள். துக்கம் விசாரிக்க வந்த மனிதர் முதலில் விசாரித்தது இதைத்தான்:

"இங்க ஒண்ணு காலியா இருக்கேம்மா, அது எங்க?"

அலமாரி நிறைய முதல் உலகப் போர். நெளிந்த இரும்புத் தொப்பி, தோலுறை பிய்ந்த தண்ணீர்க் குடுவை, சங்கிலி போன விசில், சின்னம் பொறித்த பொத்தான்கள். எல்லாம் துருவும் களிம்பும் ஏறிப் பச்சையும் பழுப்புமாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் அச்சடித்தாற்போன்ற அப்பாவின் கையெழுத்தில் ஒரு சிறு அட்டை. கீழ்த்தட்டின் நடுவில் மட்டும் பொருள் இல்லை, அட்டை இருந்தது. 'பொத்தான் தகடு. பணியில் உள்ளது.'

"அது வேலையில இருக்கு சார்," என்றாள் மகள்.

"இதெல்லாம் வேலை பார்த்து நூறு வருஷம் ஆச்சேம்மா."

"அது மட்டும் இன்னும் ரிடையர் ஆகலை."

தலைவர் உடன் வந்த செயலாளரைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பாவம், அதிர்ச்சி, அப்படித்தான் பேசும் என்று பொருள்.

தலைவருக்கு டைல்ஸ் கடை. கோட்டின் மார்பில் ஒரு பதக்கம் தொங்கியது. அவரே வரைந்து, அவரே செய்யக் கொடுத்து, பொதுக்குழுவில் பலத்த கைதட்டலுக்கிடையே தமக்குத் தாமே குத்திக்கொண்டது. பலத்த கைதட்டல் என்றால் நான்கு பேர். போர்க்கால நினைவுப்பொருள் சேகரிப்போர் சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர்தான். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், அப்பா. அப்பாவுக்கு மட்டும் பதவி கிடையாது. கேட்டால், "சங்கம்னு இருந்தா ஒரு உறுப்பினராவது வேணுமில்ல?" என்பார்.

ஆனால் பட்டம் இருந்தது. தெருவிலும் வேலையிடத்திலும் அவர் கர்னல். துப்பாக்கியைத் தொட்டறியாத கர்னல். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் கயிறு, மார்பில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள். நிஜக் கர்னல் யாராவது எதிரே வந்திருந்தால், முதலில் சல்யூட் அடிப்பது யார் என்று கொஞ்சம் குழம்பித்தான் போயிருப்பார்.

"நல்ல உத்தியோகம். எப்பவும் ஏறுமுகம்தான்," என்பார் அப்பா. "ஒரு நாளைக்கு நூறு தடவை மேல போறேன். இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பி வராம இருந்ததில்லை."

அம்மாவுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் பிடிக்காது. அவளைப் பொறுத்தவரை அது பொத்தான் அமுக்குகிற வேலை. உறவுக்காரர்களிடம் "நிர்வாகத்துல இருக்காரு" என்று சொல்லிவைத்திருந்தாள். மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியை அப்பாவின் வேலை என்ன என்று கேட்டபோது, அம்மா "நிர்வாகம்" என்றாள், மகள் "லிஃப்ட்" என்றாள். அந்த அம்மாள் யாரையும் நோகடிக்க விரும்பாமல் 'லிஃப்ட் நிர்வாகம்' என்று எழுதிக்கொண்டார்.

நேற்று மாலை வேலை முடிந்து வந்த அப்பா, கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அம்மா தம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார்.

"அம்மாவக் கொஞ்சம் கூப்பிடும்மா," என்றார் தலைவர். "சங்கத்து சார்பா ஒரு யோசனை."

அம்மா ஈரக்கையோடு வந்தாள். தலைவர் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே தாளில் சுற்றி மடித்துவைத்த பழுப்புநிறச் சட்டை ஒன்று இருந்தது. அந்தப் போரில் ஓர் இளம் அதிகாரி அணிந்தது. அப்பாவின் சேகரிப்பிலேயே பெரிய பொருள் அதுதான்.

"ஊரே அவரக் கர்னல்னுதான் சொல்லிச்சு. அந்த மரியாதையோடயே போகட்டுமே. இதப் போட்டுப் படுக்க வச்சு, சுத்தி நாங்க நாலு பேரும் நின்னு ஒரு படம் எடுத்தா நம்ம ஆண்டு மலர்ல முதல் பக்கம். வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி சட்டையப் பத்திரமாக் கழட்டி சங்கத்துல வச்சுக்குவோம். அவர் ஞாபகமா."

அம்மாவின் முகம் மாறியதை மகள் பார்த்தாள். நேற்றிலிருந்து குனிந்தே இருந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்பா அதப் போட்டதே இல்லைம்மா," என்றாள் மகள். "மேல வச்சுக்கூடப் பார்த்ததில்லை. கேட்டா, அது அந்தப் பையனோடதும்பாரு."

"நீ சும்மா இரு. இத்தனை வருஷம் அந்தச் செவப்புக் கோட்டப் பார்த்து எத்தனை பேரு சிரிச்சிருப்பான். இன்னைக்கு ஒரு நாளாவது அவரு நெஜக் கர்னலாப் போகட்டும். உங்க மாமா முன்னாடியாவது."

சிரித்தவர்கள் கணக்கில் அம்மா யாரையெல்லாம் சேர்த்திருக்கிறாள் என்று மகளுக்குத் தெரியும். அப்பா சிரித்ததைத்தான் சேர்க்கவில்லை. காலையில் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று அவர் சிரிக்கிற சிரிப்பு தனி. இன்றைக்கு அவரை இன்னொருவன் சட்டைக்குள் திணித்து அனுப்பிவிட்டால், அந்த மனிதர் இருந்ததற்கே அடையாளமில்லாமல் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது.

உள்ளறையில் தலைவர் ஒரு கையையும் செயலாளர் ஒரு கையையும் பிடித்தார்கள். மாமா முதுகைத் தூக்கினார். சட்டை முழங்கை வரை ஏறியது. அதற்குமேல் நகர மறுத்தது.

"கொஞ்சம் மூச்சப் பிடிச்சுக்கச் சொல்லுங்க," என்றார் மாமா பழக்கத்தில். பிறகு யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

கழற்றி விரித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் தோள்கள் அவ்வளவு குறுகல். அதைப் போட்டிருந்தவனுக்கு மீசை முளைத்திருக்குமோ என்னவோ. அப்பாவுடையதோ காலமெல்லாம் லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் கொடுத்த பிஸ்கட்டை மறுக்காமல் வளர்ந்த உடம்பு.

"பின்பக்கம் கீறிடலாம் சார்," என்றார் செயலாளர். "படுத்தா யாருக்குத் தெரியப்போகுது."

தலைவர் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். "என்னய்யா பேசறே. கீறினா விலை பாதியாயிடும்."

சொன்ன பிறகுதான் அறை அமைதியாக இருப்பது அவருக்கு உறைத்தது. அப்பாவின் கை ஒன்று செயலாளரின் பிடியிலேயே இருந்தது. செயலாளர் அதை மெதுவாக இறக்கி வைத்தார்.

"என்ன ஆயிடும்?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது வரலாற்று மதிப்பு..."

"விலைன்னீங்க."

தலைவர் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டார். அது நேராகத்தான் இருந்தது.

அம்மா குனிந்து கணவனின் மார்பில் விலகிக் கிடந்த துணியை இழுத்துவிட்டாள். "அந்தப் பையன் சட்டைய மடிச்சு இருந்த எடத்துல வைங்க," என்றாள். பிறகு மகளைப் பார்க்காமலேயே, "அவரு கோட்டு எங்கடி?"

"கதவுக்குப் பின்னாடி."

"எடுத்துட்டு வா. நேத்து சாயங்காலக் கையழுக்கெல்லாம் பொத்தான்ல இருக்கும். அப்படியே போட்டுடாத."

மகள் கோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். உள்பையில் கைவிட்டுப் பாலிஷ் டப்பாவையும் துணியையும் எடுத்தாள். கூடவே உள்ளங்கை நீளத்தில் பித்தளைத் தகடு ஒன்று வந்தது. நடுவில் நெடுக ஒரு பிளவு. அதைப் பொத்தானின் கழுத்துக்குக் கீழே செருகினாள். கோட்டில் பாலிஷ் ஒரு சொட்டும் படாதபடி பொத்தான் மட்டும் தகட்டின் மேல் தனியாக நின்றது. அவள் தேய்க்கத் தொடங்கினாள்.

பின்னால் தலைவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அது... அதுவா?"

"ஆமா சார்."

"ஓரத்துல நம்பர் கீறியிருக்கே. ஒரு சிப்பாயோட சொந்தத் தகடும்மா அது. இத வச்சா தினம் லிஃப்ட் கோட்டத் தேய்ச்சாரு? சங்கத்தோட முதல் விதியே எதையும் தேய்க்கக் கூடாதுன்னுதானே."

"அந்த விதிய எழுதினதே அப்பாதான் சார்."

உண்மைதான். சிறு வயதில் அவள் ஒருமுறை ஆசையாக ஒரு பழைய பொத்தானைப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா திட்டவில்லை. "வேலை முடிஞ்சு தூங்கறவன் மூஞ்சில தண்ணி தெளிக்கலாமா?" என்றார். "களிம்பு அவங்க போர்வை. இழுக்கக் கூடாது." அப்படியானால் தகடு மட்டும் ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று கேட்டாள். "இவன் தூங்கலையே," என்றார் அப்பா. "எங்கூட டியூட்டிக்கு வர்றானே."

தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொத்தான் ஒவ்வொன்றாக ஒளிர்வதைக் கடைசிவரை நின்று பார்த்தார். கடைசிப் பொத்தானில் அவர் முகமே சின்னதாகத் தெரிந்தது. பதக்கம் தெரியவில்லை.

கோட்டு அப்பாவுக்குச் சரியாக ஏறியது. அவருக்கென்றே தைத்தது, ஏறாமல் என்ன. தோளில் தங்கக் கயிற்றை அம்மாவே மாட்டினாள். எந்தக் கொக்கியில் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முன்னறையில் கிடத்தியபோது அறைக்கே கொஞ்சம் வெளிச்சம் கூடினாற்போல் இருந்தது. மாமா தலைமாட்டில் நின்று கோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"அக்கா, அத்தான் நிர்வாகத்துலன்னு..."

"ஆமாண்டா. அந்தக் கட்டடத்துல அவரு கைய வைக்காம ஒரு பய மேல போனதில்லை. அதுக்குப் பேரு வேற என்னவாம்?"

மாமா குனிந்து கோட்டின் காலரை நேராக்கினார்.

பத்து மணிக்குக் கட்டடத்து ஆட்கள் வந்தார்கள். இத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. பாரம் மீறினால் மணி அடித்துவிடும் என்று பயந்தவர்கள்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கதவைப் பார்த்துத் திரும்பி வரிசையாக நின்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி திரும்பினார்கள். கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர் கைப்பையிலிருந்து பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்பதாம் மாடி வந்தார். கம்பெனியின் மேலதிகாரி. விலையுயர்ந்த செருப்பை வாசலில் விடுவதா போட்டுக்கொண்டே வருவதா என்று தடுமாறி, ஒன்றை மட்டும் விட்டார். பின்னால் இரண்டு பேர் பெரிய மலர்வளையம் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். தலைவர் முன்னால் பாய்ந்து கைகொடுத்து, சங்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மேலதிகாரி கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் முன்னால் போய் நின்றார். ஏதாவது பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவர் என்று பெயர். அவர் தொண்டையைச் செருமினார், பொத்தான்களைப் பார்த்தார், வாய் திறந்தார்.

"ஒன்பது," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் கோட்டின் நிறத்துக்குச் சிவந்தது. இத்தனை வருஷமாக அவர் அப்பாவிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்பது அங்கிருந்த பாதிப்பேருக்குத் தெரியும்.

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சொல்ல வேண்டாங்க," என்றாள். "அவருக்குத் தெரியும்."

மேலதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

வண்டி வந்தது. மாமாவும் கட்டடத்து ஆட்களும் தூக்கினார்கள். தலைவர் தம் பங்குக்கு ஒரு மூலையில் தோள் கொடுத்தார். படத்துக்கு நிற்க மறந்துவிட்டார். வாசற்படியில் எல்லாரும் ஒருகணம் தயங்கியபோது, "பார்த்து, மெதுவா, காலைப் பார்த்து வைங்க," என்று அம்மாவின் குரல் கேட்டது. அப்பா லிஃப்ட் கதவைத் திறக்கும்போது சொல்கிற அதே வார்த்தை, அதே இழுவை.

மகள் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினாள். அவள் கையில் தகடு இருந்தது. அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டின் நடுவில் அதை வைத்தாள். பிளவின் ஓரத்தில் பாலிஷ் காய்ந்து வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது. துணியை எடுத்தாள். பிறகு துடைக்காமல் அதை மடித்து வைத்துவிட்டாள்.

'பணியில் உள்ளது' அட்டையை எடுத்துக்கொண்டு கண்ணாடியை மூடினாள்.

"வர்றியா?" என்று வெளியே அம்மா கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன்மா," என்றாள் மகள், அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.