தானாக நிறைந்த தண்ணீர்

"எடிட்டிங்னு என் பேரைப் போடணும் சார்."

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கலர் அக்கா சொல்லியிருந்தாள். வீடியோக்களுக்கு நிறம் சரிசெய்கிறவள், அதனால் அந்தப் பெயர். "லீவு கேளு, புது நாற்காலி கேளு, ஏசியைக் குறைக்கச் சொல்லு. பேரை மட்டும் கேட்டுடாதே. பதினோரு வருஷமா இங்க இருக்கேன், என் பேரை எந்தப் பாட்டுலயாவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அதனால்தான் கேட்டேன்.

டைரக்டர் ஃபோனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பாட்டு வெளியாகி பத்து நாளாச்சு. இனி எங்கம்மா போட?"

"வீடியோவுக்குக் கீழ எல்லார் பேரும் வரிசையா இருக்கே, அங்க. ரெண்டு நிமிஷ வேலை. செட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் பேருகூட இருக்கு சார்."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கலர் அக்கா தலையில் கை வைத்துக்கொள்வது தெரிந்தது.

பாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. காதல் கசந்துபோன ஒரு பெண், சாப்பாட்டு மேசை, எதிரே ஓயாமல் பேசுகிற ஆண். அவன் பேச்சு கேட்காது, வாய் மட்டும் அசையும். அவள் பாடுவாள். அந்த மேசைக் காட்சியை ஏழு டேக் எடுத்திருந்தார்கள். இடையிடையே பாடகி தாகத்துக்கு மேசையில் இருந்த கிளாஸை எடுத்துக் குடித்திருக்கிறாள், யாரோ நிரப்பியிருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை. ஒரு டேக்கில் கிளாஸ் காலி, இன்னொன்றில் பாதி, இன்னொன்றில் விளிம்பு வரை. டேக்குக்கு டேக் எதுவும் மாறாமல் கன்டினியூட்டி பார்க்க வேண்டியவரை டைரக்டர் காய்ச்சி எடுத்துவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "முகத்தை குளோசப்ல போட்டு அந்தக் கருமத்தை மறைச்சிடு."

நான் மறைக்கவில்லை. ஏழு டேக்கையும் தண்ணீரின் உயரப்படி அடுக்கினேன். பாட்டு தொடங்கும்போது காலி. முடியும்போது தளும்பத் தளும்ப நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை, அவள் தொடவே இல்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் கிடையாது. கை போன போக்கு. டைரக்டர் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கொட்டாவி விட்டு, சரி என்றார். கிளாஸை அவர் பார்க்கவே இல்லை.

பார்த்தவர்கள் ஜனங்கள். மூன்றாம் நாள் யாரோ ஏழு படங்களையும் வரிசையாக ஒட்டிப் போட, ஊரே துப்பறிய ஆரம்பித்தது. அது விஷம் என்றது ஒரு கூட்டம். அவன் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு விரற்கடை ஏறுகிறது என்று ஒருத்தன் அளவுகோல் வைத்து அளந்தே காட்டினான். பாடகிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதற்கான ரகசியக் குறிப்பு என்று இன்னொருத்தி சத்தியம் செய்தாள். டைரக்டர் ஒரு பேட்டியில் கால்மேல் கால் போட்டு, "அந்த கிளாஸை மூணு மாசம் யோசிச்சேன்" என்றார்.

மூன்று மாதம்! மூன்று நொடிகூட அதை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பேட்டியைவிட என்னை உலுக்கியது அம்மா. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். நான் என்ன வேலை செய்கிறேன் என்பதே அம்மாவுக்குச் சரியாகப் புரியாது. "கம்ப்யூட்டர்ல படத்தை வெட்டுறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டே என் ஃபோனில் அந்தப் பாட்டை மூன்று தடவை பார்த்தாள்.

"பாட்டு எப்படிம்மா?"

"பாட்டைத் தூக்கிக் குப்பையில போடு. அந்தப் புள்ள ஏண்டி தண்ணியைத் தொடவே மாட்டேங்குது? பாத்ரூம் போக விடமாட்டானா அவன்?"

ஃபோனை வாங்கி நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அம்மா தைக்கிற தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். டோக்கன் கிடைக்காது என்று தெரிந்து யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக்கொண்டு போகும் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். பள்ளிக்கூட நாளில் அதைக் கொட்டிக் கழுவி வைப்பது என் வேலை. எத்தனை வருஷம் கொட்டியிருப்பேன்! என் கை எதை அடுக்கியது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"எங்க வரிசையில ஏழு பேரு வாயத் திறக்கத் தயாரா இருக்கோம்" என்றாள் அம்மா, தலையணை உறையை உதறியபடி. "இப்படிப் பாட்டுல ஒளிச்சு வைக்காம எங்களை நேராவே படம் எடேன்."

"வேலை போயிடும்மா."

"யாரு வேலை, உன்னுதா என்னுதா? போனா போவுது, போ."

மறுநாள் காலையில்தான் டைரக்டர் அறைக்குள் போய்ப் பெயரைக் கேட்டேன்.

அவர் ஒருவழியாக ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "அடுத்த பாட்டுல போடுறேன். இப்ப உக்காரு. நாளைக்குப் பெரிய சேனல்ல பேட்டி. அந்த கிளாஸைத்தான் கேப்பாங்க. அதுக்கு என்னதான்ம்மா அர்த்தம்?"

சிரிப்பு வந்தது. ஆத்திரமும் வந்தது. சொன்னேன். தொழிற்சாலை, நாற்பது பேர், டோக்கன், நான் கொட்டிய தண்ணீர், எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. மனிதர் நெகிழ்கிறார் என்று ஒரு நிமிஷம் நானும் நம்பினேன்.

"பிரமாதம்" என்றார். "இதை எங்கம்மான்னு சொல்லிக்கட்டுமா? ஒரு டைரக்டர் சொன்னா எடுபடும்."

"உங்கம்மா என்ன பண்றாங்க?"

"ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அதை யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன் சார். பேர் போடுறதுன்னா இந்தப் பாட்டுல போடுங்க. எங்கம்மாவைத் தரமாட்டேன்."

"பேசிப் பேசிப் பொழப்பைக் கெடுத்துக்காதே. டிகிரி வாங்கிட்டா தலைக்கனம் வந்துடுது உங்களுக்கெல்லாம்."

"ஆமா சார், வந்துடுது. சாயங்காலம் குடுக்க வேண்டிய பாட்டை நீங்களே வெட்டிக்குங்க. எடிட்டிங்னு உங்க பேருதானே போட்டிருக்கு?"

பையை எடுக்க என் இடத்துக்கு வந்தபோது கலர் அக்கா பின்னாலேயே வந்தாள். அம்மா படம் எடுக்கச் சொன்னதைக் காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். "கேட்டுட்டியா பாவி" என்றாள், கிசுகிசுப்பாக. பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீ எடுக்கறதுக்கு கலர் யாரு பண்றா?" என்றாள்.

"நீங்கதான். பேரோட."

"முழுப் பேரைப் போடு. இனிஷியல் மறந்துடாதே."

கேமரா வாடகைக்குத் தரும் கடையை மத்தியானம் மூடிவிடுவார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கித் தெருவுக்கு வந்தேன்.