விரலில் கட்டிய சிவப்புத் துணி

படகைத் தள்ளுவதற்கு முன் அவன் ஆள்காட்டி விரலை அவளிடம் நீட்டினான். தூண்டில் முள் கிழித்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏதாவது துணி இருந்தா கட்டு. ரத்த வாடைக்கு மீனெல்லாம் கூடிடப்போகுது."

"உங்க ரத்தத்தக் குடிச்சா மீனுக்கு வயித்து வலிதான் வரும்" என்றாள் மனைவி. கைக்கு எட்டிய துணியை உருவி இறுக்கிக் கட்டினாள்.

"யம்மா! விரலை எனக்கே விட்டுவைடி."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் மறந்தே போனாள். அவள் உருவியது இன்ஜினை இழுத்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியில் கட்டியிருந்த சிவப்புத் துணி.

அந்தத் துணி அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. படகின் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி அடுப்படிக்குப் பின்னாலிருந்த கொட்டகையில்தான் வைப்பார்கள். அடுப்படியில் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று டேங்க் மூடியிலிருந்த காற்றுத் திருகை அவள் தினமும் இறுக்கிவிடுவாள். இறுக்கினால் கயிற்றில் துணி கட்ட வேண்டும். துணியைப் பார்த்தால் அவன் திருகைத் திறப்பான்; அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் இன்ஜினுக்கு ஓடும். துணி இல்லையென்றால் திறந்திருக்கிறது என்று பொருள். ஏழு வருடமாகப் பிசகியதில்லை.

டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் நடுவே இருந்த ரப்பர் உருண்டையை அம்புக்குறி மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து அவன் அமுக்கினான். நாலாவது அமுக்கில் அது கல் போல் இறுகியது. பெட்ரோல் ஏறிவிட்டது. இரண்டே இழுப்பில் இன்ஜின் உறுமியது. டேங்க்குக்குள் இருந்த கொஞ்சக் காற்று, அவர்கள் அலைத் தடுப்புச் சுவரின் முனையைத் தாண்டும்வரை போதுமானதாக இருந்தது.

அங்கே இன்ஜின் இருமி நின்றது. அலை படகைச் சுவரின் பாறைகளை நோக்கித் தள்ளியது.

"உருண்டையை அமுக்கு!" அவன் கயிற்றை இழுத்தான்.

உருண்டை சப்பிப் போட்ட பழத்தோலாக ஒட்டிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிசைந்தாள். இன்ஜின் பிடித்தது, பத்து எண்ணுவதற்குள் நின்றது. மறுபடி பிசைந்தாள்.

"விடாதே, அமுக்கிக்கிட்டே இரு!"

கயிற்றை இழுக்கும் அவன் கையில் சிவப்பு தெரிந்தது. அது கயிற்றில் இருக்க வேண்டிய துணி. டேங்க் வலைக்குவியலுக்கு அடியில் இருந்தது. உருண்டையை விட்டால் இன்ஜின் நிற்கும். விடாவிட்டால் திருகைத் தொட முடியாது. நகரவும் வழியில்லை, இருக்கவும் வழியில்லை.

"திருகு மூடியிருக்குங்க!" என்று கத்தினாள். அவன் அதற்குள் துடுப்போடு முன்பக்கம் தாவியிருந்தான். பாறையில் துடுப்பை ஊன்றி உந்தினான். படகு விலகியது. அடுத்த அலை அவனைப் படகுக்கும் பாறைக்கும் நடுவே எறிந்தது.

அவள் வலையைக் கிளறித் திருகைத் திறந்தாள். டேங்க் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. உருண்டை கல்லாக இறுகியது. ஒரே இழுப்பில் இன்ஜின் கிளம்பியது. பெட்ரோல் தீரும்வரை அவள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

மறுநாள் அவன் உடலைக் கரையில் கண்டார்கள். துணி விரலிலேயே இருந்தது.

பத்து நாள் கழித்து அவன் தம்பி இன்ஜினைக் கழற்றிப் பார்த்தான்.

"ஒரு கோளாறும் இல்லையே அண்ணி. பின்ன ஏன் நின்னுச்சு?"

"காத்துத் திருகு மூடியிருந்துச்சு."

"துணி கட்டலியா?"

"கட்டியிருந்தேன். நானேதான் அவுத்தேன், அவர் விரலுக்கு."

தம்பி கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டினான். "விடுங்க அண்ணி" என்றான். யார் எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே அவன் படகையும் இன்ஜினையும் டேங்க்கையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். கொட்டகையில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் தரையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அடுப்படியில் பெட்ரோல் நாற்றம் இன்னமும் அடிக்கிறது.