சிறுத்தைக்குப் பத்துக்கு நாலு

டிராயிங் மாஸ்டருக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்பது அன்று மாலை ஒரு கட்டுப் படங்களின் கையில் இருந்தது.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தணிக்கையாளர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் கணக்கில் ஓட்டை தேடியவர், இப்போது காட்டு விலங்குகளை வரைகிறார். அவை செய்த பாவம் என்னவோ! அந்தப் படங்களைப் பார்த்த கையோடு இரண்டு வரன்கள் வெளியே அனுப்பப்பட்டிருந்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவன் "பரவாயில்லை" என்றான். அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

"எதைக் காட்டினாலும் பிரமாதம்னு சொல்லிடுங்க. உங்க வாத்தியார் புத்தியை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க" என்று பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாஸ்டருக்கு அவள்மேல் உயிர். பொய் என்ன, பொய்ச்சத்தியமே செய்யத் தயாராக வந்திருந்தார்.

அப்பா மேசையில் படங்களைப் பரப்பினார். "ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுங்க தம்பி. குறை சொன்னாத்தானே வளர முடியும்?"

இப்படிக் கேட்பவர்களை நம்பி வாயைத் திறந்தவன் எவனும் உருப்பட்டதில்லை.

யானைக்குக் காது கழுத்திலிருந்து முளைத்திருந்தது. "கண்ல என்ன ஒரு கருணை சார்!" என்றார் மாஸ்டர். மானுக்கு நான்கு காலும் ஒரே பக்கம். "பாயற வேகம் அப்படியே தெரியுது சார்." அப்பாவின் முகம் மலர மலர, கதவோரம் நின்ற பெண்ணின் முகமும் மலர்ந்தது.

அப்போது பார்த்துத் தேநீர் வந்தது. பள்ளியில் மாஸ்டர் நோட்டுத் திருத்துவதே தேநீர் வேளையில்தான். ஒரு கையில் கோப்பை, எதிரே ஒரு சிறுத்தை. வாத்தியார் கை சும்மா இருக்குமா? அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, மாஸ்டர் 'உம்' கொட்டியபடியே சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். பின்னங்காலைத் திருத்தினார். வாலைக் குறைத்தார். கீழே பத்துக்கு நாலு போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம்தான் சுயநினைவு வந்தது.

பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். மாஸ்டருக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அப்பா படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். "ஆறு மார்க் எதுக்குப் போச்சு?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "பின்னங்காலுக்கு ரெண்டு சார். புள்ளியெல்லாம் பட்டன் தைச்ச மாதிரி இருக்கு, அதுக்கு ரெண்டு. வாலு நீளம், அதுக்கு ஒண்ணு."

"அஞ்சுதானே ஆச்சு? மிச்சம் ஒண்ணு?"

மாஸ்டர் விரல்களை மடக்கிப் பார்த்தார். மறுபடியும் மடக்கினார். கணக்கு இடித்தது. "தெரியலை சார்."

ஓய்வுபெற்ற நாளிலிருந்து யாரும் பார்க்காத ஒரு சந்தோஷம் தணிக்கையாளர் முகத்தில் வந்தது. பென்சிலை வாங்கி நாலை அடித்தார். அஞ்சு போட்டு, மாஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு சமையலறையில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"ஏய், மாப்பிள்ளைக்குக் கூட்டலே வரலை! நாம பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாத்தான் உண்டு!"