சலவைக்கடை அக்காவுக்கு வந்த படம்

கூட வேலை பார்க்கும் மைக் தன் கைப்பேசியை நீட்டியபோது, கதை எழுதுகிறவளின் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. “இதப் பாருங்களேன், எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க.” திரையில் ஒரு சமையலறை ஜன்னல். விளிம்பில் கைப்பிடி உடைந்த நீலக் கோப்பை, அதில் முளைவிட்ட வெங்காயம். போன வாரம் அந்த வெங்காயத்தை எடுத்து எறியப் போனவளை மாமியார்தான், “இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கு” என்று தடுத்திருந்தார். அது அவள் வீட்டு ஜன்னல்.

கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒரே அறையில், மூன்று பேர் சேர்ந்து ஒரு கதையை நடத்தி வந்தார்கள். நடத்துவது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு லீவே கிடையாது. புருஷனைப் பிரிந்து, தெரியாத ஊரில் சலவைக்கடை வைத்த ஓர் அக்காவின் கதை. பிஸ்கட் மென்றவள் அதை எழுதினாள். மைக் என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் வாராவாரம் அதைப் பேசிப் பதிவு செய்தாள். சுருட்டைமுடிக்காரன் கசங்கிய சட்டைகளையும் அவற்றின் பைகளில் மறந்துபோன டிக்கெட்டுகளையும் படமெடுத்து அக்காவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டான். கேட்பவர்களுக்குத் தெரியாத ரகசியம் படம் பார்ப்பவர்களுக்குத் தெரியும்; படத்தில் பிடிபடாதது குரலில் வரும். இது போதாதென்று அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. யாரும் எழுதலாம், அக்கா பதில் போடுவாள். அந்த வேலையும் மைக்குடையதுதான்.

படத்துக்குக் கீழே இருந்ததை அவள் படித்தாள். “கதைன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். என் மருமக தங்கமான பொண்ணு. ஆனா ஒரு வேலை தொட விடமாட்டா. உக்காருங்க அத்தை, உக்காருங்க அத்தைன்னு என்னை நாற்காலியோட ஒட்ட வெச்சுட்டா. சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி இருக்கு. உங்க கடையில இஸ்திரிப் பெட்டி சத்தம் கேட்டா எனக்குக் கை துறுதுறுங்குது அக்கா.”

மாமியாரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்று சொந்தத்தில் அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் கவனித்தாள். ஆபீஸில் ஏதோ எழுத்து வேலை என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். கதை விடுவதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்.

“மருமகளுக்குச் சுருக்குன்னு உறைக்கிற மாதிரி ஒரு பதில் எழுதிக் குடுங்களேன்” என்றாள் மைக், யாருடைய மருமகள் என்று தெரியாமல்.

அவள் இரண்டு வரி எழுதினாள். திரும்பப் படித்துப் பார்த்தால் சலவைக்கடை அக்கா மருமகளுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அழித்தாள். “இதுக்கு நானே பதில் சொல்லிக்கறேன். நீ விட்டுடு.”

சாயங்காலம் வீட்டில் அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் வழக்கமான நாற்காலியில், காதில் இயர்போனோடு.

“அத்தை, சலவைக்கடை அக்காவ எழுதுறது நான்தான்.”

மாமியார் ஒரு காதை மட்டும் விடுவித்தார். “எத எழுதுற?”

“அந்த அக்காவத்தான். இன்னிக்கு உங்க படம் வந்துச்சு.”

மாமியாரின் முகம் சட்டென்று சுருங்கியது. “அப்ப நான் எழுதினதெல்லாம்...”

“இது ஒண்ணுதான் பாத்தேன். பழசெல்லாம் பாக்கல, பாக்கவும் மாட்டேன்.”

“பழசுல உன்னப் பத்தி ஒண்ணுமில்ல. எல்லாம் உங்க மாமா சங்கதி.” மாமியார் இன்னொரு காதையும் விடுவித்தார். “பதில அங்கேயே போட்டிருக்கலாமே. எனக்கென்ன தெரியவா போகுது?”

“அக்கா பேர்ல போட்டா உங்கள ஏமாத்தின மாதிரி ஆயிடும் அத்தை. மனசு வரல.”

மாமியார் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். “தள்ளு.”

பழக்கதோஷத்தில் “உக்கா...” என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கிக்கொண்டு, தானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தை இன்னும் கதகதப்பாக இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு நாளெல்லாம் இப்படி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“கடைய மூடப் போறியா?” திரும்பாமலே கேட்டார் மாமியார்.

கடைசிப் பகுதியில் கடையை மூடுவதாகத்தான் மூவரும் முடிவு செய்திருந்தார்கள். “அதச் சொல்லக் கூடாது அத்தை.”

“வீட்டு மனுஷிக்குமா?”

“உங்களுக்குத்தான் முக்கியமா சொல்லக் கூடாது.”

“மூடிப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு.”

கடை மூடப்படவில்லை. அதற்குப் பதிலாக, தொலைந்த பட்டனுக்காகச் சண்டை பிடிக்கும் ஒரு வாடிக்கையாளர் கதைக்குள் வந்தார்; குரல் மாமியாருடையது. எதிரொலி வராமலிருக்கப் போர்வைகள் தொங்கவிட்ட பதிவு மூலையில் நின்று, எழுதிக் கொடுத்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார் மாமியார். “ஏம்மா, அஞ்சு பட்டனோட சட்டையக் குடுத்தேன், நாலோட வந்திருக்கு. மிச்சத்த எங்க காயப் போட்டிருக்க?” மைக் சிரித்துவிட்டாள். மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பகுதி வெளியானதும் அக்காவின் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சண்டைக்காரிக்கும் ஒரு வாட்ஸ்அப் எண் கொடுக்க வேண்டிவந்தது; பதில் போடும் வேலை மாமியாருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் பால் பொங்கி ஏறிக்கொண்டிருந்தது. “அத்தை, பால்!”

“நீ பாத்துக்கோ. ஒருத்தி என்னை ராட்சசிங்கறா, சும்மா விட முடியுமா?” கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்க, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார் மாமியார். உதடுகள் அசைந்தன. சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

தீயைக் குறைத்துவிட்டு, கையில் கரண்டியோடு, அப்படி என்னதான் எழுதுகிறார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். மாமியார் நிமிராமலே கைப்பேசியை நெஞ்சோடு சாய்த்து மறைத்துக்கொண்டார்.